இடது கதவுப் பலகை

தம்பி,

நீ கேட்டது ஒரு பக்கம்தான். "அம்மா, அந்த எம்.ஜி. வண்டியோட கதவுப் பலகையப் பத்தி ஞாபகம் இருக்கிறத ஒரு பக்கம் எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, போட்டோ புடிச்சு அனுப்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று போனில் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். சிங்கப்பூரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் நீ சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இப்போதுதான் முதல்தடவையாக, உங்கள் பட்டறைக்கே வந்து சேர்ந்த ஒரு வண்டியின் பந்தய வரலாறு உன் சாட்சியோடு பதிவேட்டில் ஏறப்போகிறது, இங்கிலாந்தில் அந்த வண்டிகளைக் கரைத்துக் குடித்த ஆட்கள் எல்லாம் அதைப் படிக்கப் போகிறார்கள் என்றாய். சரிப்பா என்று சொல்லி போனை வைத்தேன். நான்கு நாளாயிற்று. இன்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் இது அடங்காது. கையெழுத்துப் போடத்தான் போகிறேன், ஆனால் நீ நினைக்கிற வாசகத்துக்குக் கீழே அல்ல.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது ஒளிந்துகொள்வேன், என்னை எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் நீ விரலால் தொட்டுத் தொட்டுப் படித்த அந்தப் பலகை, கல்யாண வண்டிக்கார ஊ மியாவின் சிவப்பு எம்.ஜி.யோடு வந்தது இல்லை. அது பக்கத்துத் தெரு ராயப்பன் மாமாவின் ஐஸ் வண்டியில் இருந்தது. அங்கிருந்து கழற்றியதும் நான், சிவப்பு வண்டியில் மாட்டியதும் நான், பத்துப் பேர் நடுவில் நின்று பொய் சொன்னதும் நான். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. ரயில்வேயிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன், என்னை உத்தமி என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வாசலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வண்டிகளுக்கு சீட்டும் கதவு உறையும் கூரைத்துணியும் தைத்தேன். பஸ் சீட், டாக்சி சீட், லாரி சீட், எது வந்தாலும் தைப்பேன். ஒருமுறை சீட்டுக்கு அளவு வெட்டப் பேப்பர் வேண்டும் என்று லத்தா கடைத்தெருவில் பழைய பேப்பர் மொத்தமாக விற்கிற சீனரிடம் போனேன். அவரிடம் பழைய இங்கிலீஷ் கார் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வாங்கி வந்தேன், ஆனால் வெட்ட மனசு வரவில்லை. ஆறாம் வகுப்பு இங்கிலீஷையும் ஒரு கிழிந்த அகராதியையும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் ஏதோ பெரிய படிப்பாளி என்று நினைத்து ஆரம்பிக்கவில்லை. படங்களில் இருந்த சீட்டுகளின் தையல் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பைத்தியத்தைத்தான் சோற்றோடு உனக்கு ஊட்டினேன். இங்கிலாந்துப் பந்தய வண்டிகள் ஏன் பச்சை நிறம் என்று கேட்பாய். அவர்கள் ஊர்ச் சாலையில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அயர்லாந்துக்குப் போய் ஓட்டினார்கள், அந்த மண்ணுக்கு மரியாதையாகப் பச்சை பூசினார்கள், அதுவே நிலைத்துவிட்டது என்பேன். பிரான்சில் லெ மான் என்ற ஊரில் இருபத்துநாலு மணி நேரம் ஓடுகிற பந்தயத்தில், ஓட்டுகிறவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, சைகை கிடைத்ததும் குறுக்கே ஓடிவந்து வண்டிக்குள் குதிக்க வேண்டும் என்று சொன்னதும், நீ கைகழுவாமல் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மெஷின்வரை ஓடிக் காட்டினாய். மரச்சட்டத்தில் கட்டிய ஒரு சின்ன வண்டியை இங்கிலாந்திலிருந்தே ஓட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய், ஒரு நாள் முழுக்கப் பந்தயம் ஓட்டி, தன் பிரிவில் ஜெயித்து, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள் என்ற கதை உனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ஆரம்ப காலத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போவார், எண்ணெய் பம்ப் அடிப்பார், பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வார், ஜெயித்தால் பத்திரிகையில் ஓட்டியவர் பெயர் வரும், பக்கத்தில் இருந்தவர் பெயர் பல நேரம் வராது என்றும் சொல்லியிருக்கிறேன். "இது அநியாயம்மா" என்றாய். "ஆமாப்பா, பெரிய அநியாயம்" என்று நானும் சொன்னேன். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

ராயப்பனின் ஐஸ் வண்டி உனக்கு நினைவிருக்கும். அதுவும் எம்.ஜி.தான், இரண்டு சீட்டு இங்கிலீஷ் வண்டி, ஊ மியாவின் வண்டி எந்த ரகமோ அதே ரகம், டி.சி. என்று சொல்வார்களே அது. ஆனால் பார்த்தால் அழுகை வரும். வால் பக்கத்தை வெட்டிவிட்டு ஒரு மரத்தட்டைப் பொருத்தி, அதில் சாக்குப் போட்டு ஐஸ் கட்டிகளை ஏற்றி, காலையில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். எஞ்சின் ஏதோ ஜப்பான் பிக்கப்பிலிருந்து வந்தது. கம்பிச் சக்கரம் நாலில் இரண்டுதான் மிச்சம். புது வண்டி இறக்க வழியில்லாத காலத்தில் இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தானே ஓட்டினோம், கிடைத்ததை வெட்டி, கிடைத்ததை ஒட்டி. அவன் அப்பா சூசை ஐயா எண்பதை நெருங்கியவர். இளவயதில் ஒரு கம்பெனி துரையிடம் வண்டி துடைத்து, பழுது பார்த்து, ஊரை விட்டுப் போகும்போது அந்தத் துரை கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. துரைமார்கள் தங்களுக்குள் விமானத் தளத்து ஓடுபாதையில் பந்தயம் வைத்தார்கள், அதில் இந்த வண்டி ஓடியது, இடது சீட்டில் தான் உட்கார்ந்திருந்தேன் என்று தெருவில் யார் அகப்பட்டாலும் சொல்வார். "துரை ரோட்டப் பாப்பாரு. வேகத்து முள்ளு எனக்கு நேராத்தாம்மா இருக்கும். எவ்ளோ வேகம்னு நான்தான் கத்திச் சொல்வேன்" என்பார். தெரு சிரிக்கும். பெரியவர் ஐஸ் மேல உக்காந்து மூளை உறைஞ்சிடுச்சு என்று ராயப்பனே கிண்டலடிப்பான். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த ரகத்தில் வேகம் காட்டும் மீட்டர் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்கு முன்னால்தான் இருக்கும் என்று நான் படித்திருந்தேன்.

ஐஸ் தண்ணீர் வடிந்து வடிந்து அந்த வண்டியின் கதவு உறைகள் ஊறிப் பிய்ந்துவிட்டன. தைத்துக் கொடுங்கக்கா என்று ராயப்பன் இரண்டு கதவையும் கழற்றி வாசலில் போட்டுவிட்டுப் போனான். இடது கதவின் ரெக்ஸினைக் கிழித்து, உள்ளே இருந்த பலகையைத் திருப்பினால், பின்பக்கம் பென்சில் எழுத்து. தமிழ் எழுத்து, தம்பி! எனக்கு முன்னால் இந்த ஊரில் இதே வேலை செய்த ஏதோ ஒரு தமிழ் மேஸ்திரி, வேலைக் குறிப்பு எழுதியிருக்கிறார். மூன்றே வரி. "நம்பர் 17. துரை பந்தய வண்டி. இடப்பக்கம் சூசை உட்கார, முட்டிக்குப் பஞ்சு அதிகம்." பலகையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கிழவர் சொன்னதெல்லாம் உண்மை.

அப்போதே எழுந்து பக்கத்துத் தெருவுக்கு ஓடியிருக்க வேண்டாமா? இருநூறு அடி தூரம். "ஐயா, உங்க பேரு இருக்கு" என்று கத்தியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. இரண்டு நாள் நானே வைத்திருந்து பார்க்கலாம், உனக்குக் காட்டலாம், பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். ராயப்பனின் கதவுகளுக்குப் புதுப் பலகை வெட்டிப் போட்டு உறை தைத்துக் கொடுத்தேன். அவன் உள்ளே என்ன இருந்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது திருட்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உன்னிடமும் காட்டாமல் மெஷினுக்கு அடியில் வைத்தேன் பார், அப்போதே மனசுக்குள் ஏதோ கோணல் விழுந்துவிட்டது.

அந்த வாரமே ஊ மியா வந்தார். கல்யாணங்களுக்குப் பழைய வண்டிகளை அலங்கரித்து வாடகைக்கு விடுகிறவர், சிவப்பு எம்.ஜி. அவருடையது. அது அரசாங்கம் பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்க அனுமதிச் சீட்டு தருகிறோம் என்று சொன்ன சமயம். ஊரே பழைய வண்டிகளைத் தள்ளிக்கொண்டும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் போய் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. ஒப்படைத்த வண்டி அவ்வளவுதான், இரும்புக்குப் போய்விடும். சிவப்பு வண்டியையும் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார் ஊ மியா. வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி சேகரிக்கிற ஒரு வெள்ளைக்காரர் வருகிறாராம், இந்த வண்டி எங்காவது பந்தயம் ஓடியிருந்தால் வைத்துக்கொள்வாராம், வெறும் வண்டி என்றால் வேண்டாமாம். "சயாமா, பிரித்துத் தைக்கும்போது உள்ளே ஏதாவது அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இந்த ஊரில் அது உங்களுக்குத்தான் தெரியும்" என்று பர்மிய மொழியில் சொன்னார். சயாமா என்றாரடா என்னை! டீச்சர்களையும் வித்தை தெரிந்த பெண்களையும் கூப்பிடுகிற வார்த்தை. அதுவரை எல்லோருக்கும் நான் சீட்டு தைக்கிற கலாமா, அந்த இந்தியக்காரி, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன்.

உனக்குச் சமாதானம் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்தச் சிவப்பு வண்டி அழியாமல் காப்பாற்றினேன் என்று. பொய் இல்லை, காப்பாற்றத்தான் செய்தேன். ஆனால் பந்தயம் ஓடிய நிஜ வண்டி பக்கத்துத் தெருவில் ஐஸ் சுமந்துகொண்டிருந்ததே, அதைப் பற்றி அவரிடம் ஏன் சொல்லவில்லை? இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. அந்த வண்டி அசிங்கமாக இருந்தது, தம்பி. பத்திரிகைப் படங்களில் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுப்போயிருந்தது. பளபளவென்று சாமான் குறையாமல் நிற்கிற சிவப்பு வண்டிக்குக் கதை இல்லை, வால் வெட்டுப்பட்ட ஐஸ் வண்டிக்கு இவ்வளவு அழகான கதையா, அங்கே கிடந்து அழுகிப்போகிறதே என்று நினைத்தேன். ஏழையிடம் இருப்பது வீண், பணக்காரனிடம் போனால்தான் மதிப்பு என்று எந்தக் கடைக்காரனாவது சொன்னால் அவனைத் திட்டியிருப்பேன். அதையேதான் நான் செய்தேன்.

ஒரு தடங்கல்தான் இருந்தது. சூசை என்ற பெயர். அது இருந்தால் தெருவில் எல்லோருக்கும் எந்த வண்டி என்று தெரிந்துவிடும். ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உப்புத்தாளை எடுத்து அந்த இரண்டு வார்த்தையைத் தேய்த்தேன். சூசை உட்கார. பென்சில் எழுத்துதானே, நாலு இழுப்பில் போய்விட்டது. தேய்த்த இடம் வெளுத்துத் தெரிந்தது, அதனால் ஆறின வெறும் தேத்தண்ணியைத் துணியில் நனைத்து ஒற்றினேன், காய்ந்ததும் சிவப்பு வண்டியின் இடது கதவுக்குள் வைத்துத் தைத்தேன். இப்போது நீ எழுதியிருக்கிற வரலாற்றில், கீழ் மூலையில் ஈரம் பட்ட பழைய கறை ஒன்று இருந்தது என்று ஒரு வரி வருகிறதே, அது நான் ஒற்றிய தேத்தண்ணி. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் யாரென்று தெரியவில்லை என்று அடுத்த வரி எழுதியிருக்கிறாய். போனில் நீ அதைப் படித்துக் காட்டியபோதும் சரிப்பா என்றுதான் சொன்னேன்.

வெள்ளைக்காரர் வந்த நாளும் உனக்கு நினைவிருக்கும், ஆனால் நீ அதை வேடிக்கையாக நினைவு வைத்திருக்கிறாய். போன வருஷம்கூட ஐஸ் மாமா கதை என்று சொல்லிச் சிரித்தாய். ஊ மியாவின் கொட்டகையில் கதவு உறையைப் பிரித்துப் பலகையைக் காட்டினோம். துரை பந்தய வண்டி என்று நீதான் எழுத்துக்கூட்டி வாசித்தாய், நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த மனுஷர் பலகையைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஐஸ் வண்டி உள்ளே வந்து நின்றது. யாரோ பந்தய வண்டி தேடி வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்று ராயப்பனிடம் சொல்லியிருக்கிறார்கள். கிழவரை வெள்ளைச் சட்டை போட்டு இடது சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான். அவர் இறங்கி, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, "என் வண்டியும் ஓடியிருக்கு. கதவுக்குள்ள மேஸ்திரி எழுதியிருக்காரு. என் பேரும் இருக்கும், தொறந்து பாருங்க" என்றார்.

திறந்தார்கள். நான் வெட்டிப் போட்ட புதுப் பலகை, வெள்ளை வெளேரென்று. ஊ மியா சிரித்துவிட்டார். நம்முடைய விஷயத்தை எங்கோ கேள்விப்பட்டுவிட்டு வந்து அதையே சொல்கிறார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், உன்னைச் சிரிக்க வைத்தவள் நான். கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேசைமேல் கிடந்த பலகையைப் பார்த்தார், கிட்டே போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராயப்பன் படித்ததெல்லாம் பர்மிய மொழியில், தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தக் கொட்டகையில் தமிழ் படிக்கிற பெரியவள் நான் ஒருத்திதான். அவர் என் பக்கம் திரும்பி, "அம்மாடி, இது மேஸ்திரி கையெழுத்து மாதிரி இருக்கே. என் பேரு இருக்கா பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பலகையைக் கையில் எடுத்தேன். குனிந்து படிப்பது போலப் படித்தேன். "இல்லைங்க ஐயா" என்றேன்.

அந்த நேரத்துக்கு அது உண்மைதான், பெயர் அதில் இல்லை. அதை நினைத்து எத்தனையோ நாள் என்னை நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன், கேவலம்! அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியாம்மா" என்றார். அவ்வளவுதான். ராயப்பன்தான் அவமானத்தில் முகம் கறுத்துப்போய், "இன்னும் எத்தன பேரு முன்னாடி என்ன நிக்க வைப்ப? ஏறு வண்டில" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினான். மறுவாரம் ஐஸ் வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டான். ஒப்படைத்த வண்டிகளை நிறுத்தி வைத்திருந்த மைதானத்தை பஸ்ஸில் கடந்தபோது பார்த்தேன். நூற்றுக்கணக்கில் நின்றன. அதன் மரத்தட்டும் சாக்கும்கூட அப்படியே இருந்தன. நான் இறங்கவில்லை.

சூசை ஐயா அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம்தான் இருந்தார். தெருவில் பார்த்தால், சாப்பிட்டியாம்மா என்று வழக்கம்போலக் கேட்பார். ஒருநாள் மட்டும் நின்று, "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். அக்கறையா, குத்தலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியுதுங்க ஐயா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அவர் இறந்தபோது பெட்டிக்குள் மெத்தை தைத்துத் தரச் சொல்லி ராயப்பன் என்னிடம்தான் வந்தான். கை வலிக்கிறது, வேறு யாரையாவது பார் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கடைசி மரியாதையைக்கூடச் செய்ய எனக்கு முகம் இல்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த வெள்ளைக்காரர் சிவப்பு வண்டியைக் கொண்டுபோனார். ஊ மியா சந்தோஷத்தில் என் வேலையை ஊரெல்லாம் சொன்னார், அவர் கொட்டகையின் வண்டிகள் எல்லாம் என்னிடமே வந்தன. உனக்குப் பத்தொன்பது வயதானதும், சயாமா பையனுக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று சிங்கப்பூரில் தெரிந்த பட்டறைக்கு எழுதி உன்னை அனுப்பியதும் அவர்தான். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் வண்டிக்குள்ளிருந்தே வந்த பலகை என்றுதான் அவரிடம் சொன்னேன். ஆகையால் நீ இன்றைக்கு நிற்கிற இடம்கூட அந்தப் பலகைமேல்தான். உனக்காகச் செய்தேன் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு சுலபமாகப் போய்விடும்! சொல்ல மாட்டேன். உப்புத்தாளை எடுத்தபோது நான் உன்னை நினைக்கவில்லை. சயாமா என்ற சத்தம்தான் காதில் கேட்டது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம், கேள். ஆனாலும் தாய்க்காரி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்தவன் வண்டியைப் பிரிக்கும்போது உள்ளே எது இருந்தாலும், ஆணியோ குப்பையோ எழுத்தோ, முதலில் அவனைக் கூப்பிட்டுக் காட்டு. வண்டி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அதன் கதை அதற்குத்தான். படிக்கத் தெரியாத ஒருவன் உன்னிடம் ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னால், அவன் கண்ணையே கழற்றி உன் கையில் கொடுக்கிறான், தம்பி, நடுங்கிக்கொண்டு வாங்கு. இதில் எதுவும் நான் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை, எல்லாம் செய்யாமல் விட்டுத் தெரிந்துகொண்டது.

நீ எழுதிய அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள். அனுப்பியிருந்தால், தப்பு என்று எழுது. இந்தக் கடிதத்தையே சேர்த்து அனுப்பு, என் கையெழுத்து இருக்கிறது. சிவப்பு வண்டி பந்தயம் ஓடவில்லை என்றும், ஓடிய வண்டி இரும்பாகிவிட்டது என்றும், அதில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் சூசை என்றும் எழுது. உன் முதலாளி கோபப்படுவார். வண்டியை வைத்திருக்கிறவர் அதைவிடக் கோபப்படுவார். உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்வார்கள். இவ்வளவு நாளும் கூடச் சேர்ந்து சிரித்தோமே என்று உனக்கு என்மேல் வெறுப்பு வந்தாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் நீ தெரியாமல் செய்தாய், ஆனால் இதைப் படித்த பிறகு கையெழுத்துப் போட்டால் தெரிந்து செய்ததாகிவிடும். என் வரிசையில் நீ வந்து நிற்காதே.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் ராயப்பனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுக் காலை ஐஸ் டிப்போவுக்குப் போனேன். இப்போது அவன் அங்கே கட்டி வெட்டிக் கொடுக்கிற வேலை பார்க்கிறான், தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, தம்பி நல்லாருக்கானா?" என்று உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, உப்புத்தாள், தேத்தண்ணி, எல்லாம். அவன் ஐஸ் அறுக்கிற வாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தேன். "என்ன எழுதியிருந்துச்சு, திருப்பிச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். "இடப்பக்கம் சூசை உட்கார" என்று அவனும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"அப்ப எங்கப்பா பொய் சொல்லலயாக்கா?"

"இல்லப்பா. ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல."

அவன் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்து முடிக்கவே இல்லை. பிறகு சொன்னான்: "அன்னைக்கி வீட்டுக்குப் போற வழியில வண்டிய நிறுத்தி அவர எறக்கி விட்டுட்டேன். பொய்க்காரனுக்கு என் வண்டில எடம் இல்ல, நடந்து வான்னு சொன்னேன். வெயில்ல நடந்தே வந்தாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கலக்கா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவன் காலில் விழப்போனேன். அவன் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டான், தொட விடவில்லை. "எங்கிட்ட எதுக்குக்கா மன்னிப்பு? நானும் உங்கள மாதிரிதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கல்லறைக்கு வாங்க. இப்பச் சொன்னதையெல்லாம் அங்க நின்னு அவர்ட்ட சொல்லுங்க. என் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரும் நிப்பாங்க. நானும் என் பங்கச் சொல்லணும். சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் காது மந்தம்" என்றான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அங்கே ஊர் கேட்கச் சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமிருந்தே கேட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

அம்மா